என் பையனை ஃபார்வர்ட்ல இருந்து ஃபுல் பேக்குக்கு மாத்திட்டாரு ஃபுட்டி கோச். ஓரங்கட்டுறாங்களா?

இந்தக் கேள்விக்குப் பதில் போடாம தாண்டிப் போக முடியல. ஃபுட்டின்னா ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்; கோல் போட முன்னாடி நிக்கிறவர் ஃபார்வர்ட், நம்ம கோல் முன்னாடி நின்னு தடுக்கிற கடைசி ஆள் ஃபுல் பேக். மெல்பர்ன்ல ஞாயித்துக்கிழமை காலைல குளிர்ல கிரவுண்ட் ஓரமா நடுங்கிட்டு நிக்குற அம்மாக்கள்ல நானும் ஒருத்தி. உங்க பையன் கோல் போடுறத வீடியோ எடுத்து ஊருக்கு அனுப்பிட்டு இருந்திருப்பீங்க, இப்ப அனுப்ப ஒண்ணும் இல்ல, அதானே?

என் பொண்ணையும் போன சீசன்ல இப்படித்தான் பின்னாடி தள்ளுனாங்க. என் மாமியார் போன்ல "எத்தன கோல் போட்ட கண்ணு?"ன்னு கேட்டுட்டே இருப்பாங்க, இவ மூஞ்சி தொங்கிடும். என் வீட்டுக்காரர் இந்த ஆட்டத்தோட பழங்கதையெல்லாம் தேடிப் படிக்கிற ஆளு, அவர்தான் அவளுக்கு ஜாக் ரீகன் கதைய எடுத்து விட்டாரு. 1930ல மெல்பர்னோட காலிங்வுட் டீமுக்கு ஆட வந்தவர், ஆரம்பத்துல ஃபார்வர்ட். அந்த டீம்ல முன்னாடி யாரு நிக்கிறா? கார்டன் கவன்ட்ரி, 1929ல ஒரே சீசன்ல 124 கோல் போட்ட மனுஷன். அவர் இருக்கிற டீம்ல இன்னொரு ஃபார்வர்ட் எங்க பேர் வாங்குறது? ரீகன் ஃபுல் பேக்குக்குப் போனப்புறம்தான் அவர் யாருன்னே ஊருக்குத் தெரிஞ்சுது. எதிர் டீம் சவுத் மெல்பர்ன்ல பாப் பிராட், 1934ல 150 கோல் போட்டவர், அவரையே மறிச்சு நின்ன ஆளு. பந்தைக் குத்தித் தள்ளிட்டுப் போறதோட நிக்காம, எகிறிப் பிடிச்சு நீளமா உதைப்பாராம். 'ஃபுல் பேக்குகளோட இளவரசன்'னே பேரு. மொத்தம் 196 மேட்ச்.

காலிங்வுட்டும் சவுத் மெல்பர்னும் மோதுன 1935 ஃபைனலுக்கு ரெண்டு நாள் முன்னாடி பிராட்டை செங்கல் லாரி இடிச்சிடுச்சு, அதனாலதான காலிங்வுட் ஜெயிச்சுதுன்னு கமென்ட்ல வருவீங்க, தெரியும். 1936லயும் அதே சவுத் மெல்பர்னைத்தான் ஃபைனல்ல ஜெயிச்சாங்க, போய்ப் பாருங்க.

அவ கதைய எல்லாம் பெருசா கேட்டுக்கல. ஆனா ஒரு மழை நாள் மேட்ச்ல, கோல் வாய்ல பந்து மேல வருது, எதிர் டீம் பொண்ணு ஒரு தலை உசரம், கைய விரிச்சு நிக்கிறா. இவ பின்னாடி இருந்து ஓடி வந்து முஷ்டிய நீட்டி ஒரே குத்து. பந்து கோல் கம்பத்துக்கும் ஓரக் கம்பத்துக்கும் நடுவுல உருண்டு போச்சு, கோலாகி ஆறு பாயிண்ட் போக வேண்டிய இடத்துல ஒண்ணுதான் போச்சு. ஒருத்தரும் கைதட்டல. இவ பந்தை ஜெர்சில தொடச்சிட்டு, யாருக்கு உதைக்கலாம்னு நிதானமா பாத்தா பாருங்க, எனக்கு அது போதும்.

எல்லா கோச்சும் உத்தமங்கன்னு சொல்ல வரல. சொந்தப் பையனை முன்னாடி நிறுத்திட்டு மத்த பிள்ளைங்கள சுத்த விடுற ஆளுங்களும் உண்டு. சின்னப் பசங்கள எல்லா இடத்துலயும் மாத்தி ஆட வைக்கிறது வழக்கம்தான், எதுக்கும் நேரா போய்க் கேட்டுடுங்க. பையன் முன்னாடி மட்டும் கேக்காதீங்க.

இன்னொண்ணு, சம்பந்தம் இல்லதான், ஆனா சொல்லாம விட மாட்டேன். இந்த கோல் அம்பயர் டியூட்டி, அதான் கோல் விழுந்துச்சா இல்லையான்னு கம்பத்துகிட்ட நின்னு சொல்ற வேலை. வாரா வாரம் எங்க வீட்டுக்காரர்தான் வெள்ளைக் கோட்டு போட்டு ரெண்டு கொடி ஆட்டுறாரு. மத்த அப்பாக்கள் எல்லாம் ஹீட்டர் போட்டு கார்லயே உக்காந்துட்டு, மேட்ச் முடிஞ்சதும் வந்து "அது யார் கைலயோ பட்டுட்டுல்ல போச்சு, எப்படி கோல் குடுத்தீங்க"ன்னு கேக்குறாங்க. அடுத்த வாரம் நீங்க வந்து நில்லுங்கய்யா!