சென்னை அருகே கோவளத்தில் சர்ஃபிங் (அலைச்சறுக்கு): வாசகர் கேள்விகள் சில

ஜூன் விடுமுறையில் கற்க வரலாமா, டிசம்பர் குளிருக்குக் காத்திருக்கலாமா?

டிசம்பர் வேண்டவே வேண்டாம். வாடை தொடங்கிவிட்டால் கடல் கலங்கி, அலை தாறுமாறாக உடையும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்தால் பலகையைத் தொடவே கூடாது. மே முதல் செப்டம்பர் வரைதான் நல்ல அலை. ஆனால் பலகையில் நின்று பழக மட்டுமே வருகிறீர்கள் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை வரும் சின்ன அலையே போதும். ஜூனில் வந்தால் பயிற்சியாளரோடு, கரையோர வெள்ளை நுரையிலேயே இருங்கள்.

அலை முன்னறிவிப்பு ஆப்பில் ஒரு மீட்டர் அலை என்று பார்த்துவிட்டு வந்தால் வெறும் நுரைதான் இருக்கிறது. ஏன்?

உயரத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கீழே விநாடி என்று ஒரு எண் இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி, அதுதான் முக்கியம். ஆறேழு விநாடி என்றால் பக்கத்துக் காற்று கிளப்பிய சலசலப்பு. பன்னிரண்டுக்கு மேல் என்றால் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் கிளம்பி நாள்கணக்கில் ஓடிவந்த அலை, அதே ஒரு மீட்டர்தான், ஆனாலும் வேகமும் கனமும் வேறு. அப்புறம் திசை: தென்மேற்கிலிருந்து வருவதைப் பெரும்பாலும் இலங்கை மறைத்துவிடும், தெற்கு அல்லது தென்கிழக்கு என்று காட்டினால்தான் நமக்கு ஓரளவு முழுசாக வந்துசேரும். காற்று? விடியலில் கச்சான், அதாவது மேற்குக் காற்று, கரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது அலையின் முகம் வழவழப்பாக நிற்கும், மதியம் கடற்காற்று ஏறியதும் எல்லாம் குலைந்துவிடும். பதினோரு மணிக்கு வந்து இறங்கிவிட்டு அலை சரியில்லை என்று கடலைத் திட்டாதீர்கள்.

ஆறடி பலகை மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டாம். மேற்பரப்பு மென்மையாக இருக்கும் எட்டடி சாஃப்ட் டாப் பலகையை வாடகைக்கு எடுங்கள். கால் வழுக்காமல் இருக்கப் பலகையில் பூசும் மெழுகு வாங்கினால் வெப்பக் கடலுக்கானதைக் கேளுங்கள், மற்றது நம் வெயிலில் உருகி வழியும்.

கடல் உள்ளே இழுத்தால்?

பலகையை விடாதீர்கள், அதுதான் உங்கள் மிதவை. கரையை நோக்கி எதிர்த்துத் துடுப்புப் போட்டால் கை ஓய்ந்துவிடும், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, அலை உடையும் இடத்துக்கு வந்தால் அலையே கரைக்குத் தள்ளிவிடும். அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால் குளிக்க நல்ல இடம் என்று பலர் அங்கேதான் இறங்குகிறார்கள். பெரும்பாலும் இழுவை அங்கேதான். சரி, சந்தேகமாக இருந்தால்? இறங்காதீர்கள். மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) பேரலை எச்சரிக்கை கொடுத்த நாளில் சந்தேகத்துக்கே இடமில்லை.

மீனவர்கள் சத்தம் போடுகிறார்கள்...

போடுவார்கள். படகு கரையேறும் வழியில் பலகையோடு உட்கார்ந்திருந்தால் வேறென்ன செய்வார்கள்? அலையோடு வரும் ஃபைபர் படகைச் சட்டென்று நிறுத்த முடியாது. விலகி வழிவிடுங்கள், வலை கிடக்கும் பக்கம் போகாதீர்கள். இறங்கும் முன் அவர்களிடமே அன்றைய நீரோட்டம் எப்படி என்று கேளுங்கள், எந்த ஆப்பையும்விடச் சரியாகச் சொல்வார்கள்.