குழந்தைங்க புக்கை படமாக்கும்போது ஏன் கதையை மாத்துறாங்க?

சின்னப் பசங்க புக்ல இருந்து சயின்ஸ் ஃபிக்ஷன் அனிமேஷன் படம் ஒண்ணு வரப்போகுதுன்னு சொன்னாலே, "புக்ல இருக்கிற மாதிரியே எடுப்பாங்களா"ன்னு நிறைய பேர் கேக்கறாங்க. பெரும்பாலும் அப்படியே எடுக்க மாட்டாங்க. புக்ல இருக்கிற கதையை படத்துக்கு ஏத்த மாதிரி திரும்ப எழுதுவாங்க, இதுக்குப் பேர் அடாப்டேஷன்.

அப்படி மாத்தறதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். படப் புத்தகம்னா பெரும்பாலும் 32 பக்கம்தான், தூங்கறதுக்குள்ள படிச்சு முடிச்சிடலாம், ஆனா படம் ஒன்றரை மணி நேரம் ஓடணும்.

'க்ளவுடி வித் எ சான்ஸ் ஆஃப் மீட்பால்ஸ்'ங்கிற இங்கிலீஷ் படப் புத்தகத்தையும், அதே பேர்ல வந்த அனிமேஷன் படத்தையும் எடுத்துக்கோங்க. 1978ல வந்த புக்ல ஒரு தாத்தா பேரப்பசங்களுக்கு கதை சொல்றாரு, அந்த ஊர்ல ஜூஸ் மழையா பெய்யும், பனிக்கு பதிலா மசிச்ச உருளைக்கிழங்கு விழும், ஏன் விழுதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதுதான் அதோட அழகே. 2009 படத்துல பாத்தா தண்ணியை சாப்பாடா மாத்துற மெஷினை ஒரு பையன் கண்டுபிடிக்கிறான், அப்பாவோட அவனுக்கு மனஸ்தாபம் வேற. அந்த மெஷின் வந்ததாலதான் அது சயின்ஸ் ஃபிக்ஷன், அதாவது அறிவியலை வச்சு கற்பனை பண்ற கதை ஆச்சு! எனக்கு இது நல்ல மாற்றம்னுதான் தோணுது.

தி.நகர்ல குழந்தைக்கு எடுத்த பாவாடைத் துணி பிடிச்சிருந்தா, அதே டிசைன்ல காலேஜ் போற பொண்ணுக்கும் தைக்கலாம், ஆனா டெய்லர் புதுசா அளவெடுத்துதான் வெட்டணும், அது மாதிரிதான்.

நிறைய பேர் புக்கை முன்னாடியே படிச்சா படம் போரடிக்கும்னு நினைக்கறாங்க, அப்படி இல்லவே இல்ல, கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல குழந்தைங்க பிரிவு இருக்கு, பசங்களை கூட்டிட்டுப் போய் தாராளமா படிக்க விடுங்க.