குறிஞ்சிக்கு உரிப்பொருள்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நான் சேலம் சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் பழைய பாடல்கள் படிக்கிறோம். போன மாதம் குறுந்தொகை ஆரம்பித்தோம். 27ஆம் பாட்டில் 'அல்குல்' என்று ஒரு சொல் வந்தது. எங்களிடம் இருந்த உரைப் புத்தகத்தில் 'இடை' என்று போட்டிருந்தது. காலேஜ் படிக்கும் பெண் ஒருத்தி அகராதியைப் பார்த்துவிட்டு, "இதில் வேறு அர்த்தமும் இருக்கே, எது சரி?" என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. எங்களில் மூத்தவர் ஒருவர், தினமும் பிரபந்தம் சேவிக்கிறவர், "பெண்பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இதெல்லாம் எதற்கு, நீதி நூல் படிக்கலாமே" என்று எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. நாங்களும் அந்தப் பாட்டைத் தாண்டிப் போய்விட்டோம்.

எனக்கு மனசு சரியில்லை. இதையெல்லாம் கூட்டத்தில் படிப்பது தப்பா? பக்தியில் இது எப்படி வந்தது? இதற்கும் மஞ்சள் புத்தகத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல? என் பெயர் வேண்டாம் அக்கா.

ஒரு வாசகர்,
சிவதாபுரம், சேலம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அந்தப் பெண்ணின் கேள்விக்கு அன்றைக்கே பதில் கிடைத்திருக்க வேண்டும். அதனால் அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

பாட்டு இது.

கன்றும் உண்ணாது கலத்தினும் படாது
நல்ஆன் தீம்பால் நிலத்து உக்காஅங்கு
எனக்கும் ஆகாது என்னைக்கும் உதவாது
பசலை உணீஇயர் வேண்டும்
திதலை அல்குல் என் மாமைக் கவினே.

எழுதியவர் வெள்ளிவீதியார், ஒரு பெண். நல்ல பசுவின் இனிய பால் கன்றும் குடிக்காமல், பாத்திரத்திலும் பிடிக்காமல் மண்ணில் கொட்டி வீணாவது போல, என் அழகு எனக்கும் பயன்படாமல் என் தலைவனுக்கும் உதவாமல் போகிறது, பிரிவுத் துயரில் தோலில் படரும் வெளிறலான பசலைதான் அதைத் தின்னப் பார்க்கிறது என்கிறாள். அல்குல் என்பதற்கு அகராதிகளில் பக்கம், இடை, பெண்ணின் மறைவுறுப்பு என்று எல்லாப் பொருளும் இருக்கின்றன. அறிஞர்களும் இதில் ஒரே கருத்தில் இல்லை. ஆனால் இந்தப் பாட்டில் இடை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டால் பாட்டின் பாதி உயிர் போய்விடும் என்பது என் எண்ணம். தேமல் படர்ந்த தன் அடிவயிற்றையும் அதற்குக் கீழேயும் சேர்த்துத்தான் அவள் பேசுகிறாள். அங்கே இருக்கும் மாநிறத்து அழகு வீணாகிறதே என்பதுதான் அவள் துக்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'எனக்கும் ஆகாது' என்பது முதலில் வருகிறது. 'என்னைக்கும்', அதாவது என் தலைவனுக்கும், என்பது அதற்குப் பிறகுதான். தன் உடம்பு முதலில் தனக்கு இன்பம் தர வேண்டியது என்று இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அந்தக் கல்லூரிப் பெண் கேட்டு வளர வேண்டிய பாட்டு இது. அவளுக்காக ஒளித்து வைக்க இதில் ஒன்றுமில்லை.

நான் வளர்ந்தது கன்னங்குறிச்சியில். வாசலில் நின்றால் சேர்வராயன் மலை. குறிச்சி என்றாலே குறிஞ்சி நிலத்து ஊர். எங்கள் ஊர்ப் பெயருக்குள்ளேயே அந்தத் திணை இருந்தது. பள்ளியில் ஐந்திணை நடத்தினார்கள். குறிஞ்சி, மலையும் மலை சார்ந்த இடமும். தெய்வம் முருகன், உணவு தினையும் தேனும், பொழுது யாமம். முதற்பொருளும் கருப்பொருளும் தேர்வுக்கு வரும் என்றார்கள். உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய காதல் நிலை, வந்ததும் ஆசிரியையின் குரல் இறங்கியது. 'புணர்தலும் புணர்தல் நிமித்தமும்' என்று வேகமாக வாசித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் மலையும் தேனும் யாமமும் எதற்காக அந்தப் பாடல்களில் வருகின்றனவோ, அதை விட்டுவிட்டு மலையை மட்டும் படித்தோம். 'கருங்கோற் குறிஞ்சிப்பூக் கொண்டு பெருந்தேன் இழைக்கும் நாடன்' என்ற குறுந்தொகை வரி எனக்கு முழுதாகப் புரிந்தது, கல்யாணமாகிப் பல வருடம் கழித்து ஏற்காட்டுச் சரிவில் குறிஞ்சி பூத்து நின்றதைப் பார்த்தபோதுதான். ஒரு செடியில் தேன் சேர அத்தனை வருடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

காமம் என்ற சொல்லையே பாருங்கள். இன்றைக்குச் செய்தித்தாளில் அது குற்றச் செய்தியில்தான் வருகிறது. மிளைப்பெருங் கந்தனார் என்ற புலவர் 'காமம் காமம் என்ப' என்று தொடங்கி இரண்டு பாடல்கள் எழுதியிருக்கிறார். இரண்டிலும், அது பேயும் இல்லை நோயும் இல்லை என்று தீர்மானமாகச் சொல்கிறார். ஒன்றில் அவர் காட்டும் காட்சி: மேட்டு நிலத்தில் முளைத்த, இன்னும் முற்றாத இளம்புல்லைக் கிழட்டுப் பசு ஒன்று நாவால் தடவுகிறது. காமம் அப்படி ஒரு புதுவிருந்து என்கிறார். மேயக்கூட முடியாத புல், பல் போன பசு. வயசானவர்களின் ஆசையை இவ்வளவு கனிவோடு சொன்ன வரியை நான் வேறெங்கும் படித்ததில்லை. எழுந்து போன பெரியவருக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

நீதி நூல் படிக்கலாம் என்றாராமே. சரி, திருக்குறளையே எடுப்போம். 133 அதிகாரங்களில் 25 காமத்துப்பால். காமம் என்ற பெயரே வேண்டாம் என்று பலர் இன்பத்துப்பால் என்று அச்சிடுகிறார்கள். 'அகர முதல' என்று கடவுள் வாழ்த்தில் தொடங்கும் நூல், 1330ஆவது குறளில் 'கூடி முயங்கப் பெறின்' என்று ஒரு தழுவலில் முடிகிறது. வள்ளுவர் தன் நூலை நிறுத்த விரும்பிய இடம் அது. வீரமாமுனிவர் 1730இல் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது அறத்தையும் பொருளையும் மட்டும் செய்தார். அவர் துறவி, அவருடைய தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் கையில் இருந்த வேதப் புத்தகத்திலேயே உன்னதப்பாட்டு இருக்கிறது. 'அவர் தமது வாயின் முத்தங்களால் என்னை முத்தமிடுவாராக' என்று ஒரு பெண்ணின் குரலில் ஆரம்பிக்கும் எட்டு அதிகாரங்கள். சின்ன வயதில், ஏற்காட்டில் காபித் தோட்டத்து வீடு ஒன்றில் தமிழ் பைபிளைப் புரட்டியபோது அந்தப் பக்கம் தற்செயலாகக் கண்ணில் பட்டது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மூடிவைத்தேன். சாமி புத்தகத்தில் இப்படியும் இருக்குமா என்ற திகைப்பு அடங்கப் பல நாள் ஆயிற்று.

பக்தியில் இது எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அகப்பாட்டு, அதாவது காதலைப் பாடும் பாட்டு, ஏற்கெனவே இருந்தது. பிரிவும் ஏக்கமும் ஊடலும் சொல்வதற்கு ஒரு முழு மொழி தயாராக இருந்தது. ஆழ்வார்களும் நாயன்மார்களும் அதை எடுத்துக்கொண்டார்கள். நம்மாழ்வார் பராங்குச நாயகி என்ற பெண்ணாகத் தன்னை மாற்றிக்கொண்டு பாடுகிறார், மாணிக்கவாசகர் திருக்கோவையாரில் 400 பாடல்களை அகத்துறையிலேயே அமைக்கிறார். ஆண்டாளுக்கு வேஷம் தேவைப்படவில்லை. மார்கழியில் நாம் பாடுவது அவளுடைய திருப்பாவை முப்பதும்தான். நாச்சியார் திருமொழியில் இருக்கும் 143 பாசுரங்களைத் திறப்பவர்கள் குறைவு. அங்கே அவள் மன்மதனிடம் முறையிடுகிறாள், 'என் தடமுலைகள்' கண்ணனுக்கு என்று எழுந்தவை, 'மானிடவர்க்கென்று பேச்சுப்படில் வாழகில்லேன்' என்று. 2002இல் குட்டி ரேவதி தன் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தபோது எழுந்த கூச்சலில் ஆண்டாள் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்தாளோ தெரியவில்லை.

ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுகிறது என்று உரைகாரர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பெரிய மரபு அது. ஆனால் அந்த விளக்கத்தைப் பாட்டுக்கு முன்னால் திரையாகத் தொங்கவிடக் கூடாது. 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று சங்கிடம் அவள் கேட்பது கண்ணனுடைய வாயின் சுவையையும் மணத்தையும். முதலில் அந்தச் சுவை உங்களுக்கு வரட்டும். தத்துவம் அதற்குள்ளிருந்து வரும்.

இவ்வளவு தூரம் போக வேண்டாம், நம் சுகவனேசுவரர் கோயிலுக்கே வாருங்கள். சேலத்து முருகன் மேல் அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் 'பரிவுறு நாரற்று' என்று தொடங்கும். நிலா நெருப்பை வீசுகிறது, சோலையில் குயில் கூவுகிறது, குழலோசை வாட்டுகிறது, ஒருத்தி தனியே தளர்கிறாள், வந்து அணைத்துக்கொள் முருகா என்கிற பாட்டு. நம்மூர்ப் பாட்டே அகப்பாட்டு! தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில் இரதியும் மன்மதனும் கல்லில் நிற்கிறார்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் வருகிறோம். குணங்குடி மஸ்தான் சாகிபு இறைவனை மனோன்மணி என்ற பெண்ணாக அழைத்து உருகியிருக்கிறார். எந்த மதமும் இந்த மொழியைத் தள்ளிவைக்கவில்லை.

மஞ்சள் புத்தகத்துக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்பதுதான் உங்கள் கடிதத்தில் கடினமான கேள்வி. எந்த உறுப்பின் பெயர் வருகிறது என்பதை வைத்து நான் பிரிக்க மாட்டேன். எதிரில் இருக்கும் ஆள் ஆளாக இருக்கிறாரா என்று பார்ப்பேன். வெள்ளிவீதியின் பாட்டில் அவள் முழுதாக இருக்கிறாள், அவளுடைய கோபம்கூட இருக்கிறது. மஞ்சள் புத்தகத்தில் பெண்ணுக்குப் பெயர் இருக்கும், மனசு இருக்காது. இதே கண்ணால் பழைய இலக்கியத்தையும் பார்க்க வேண்டும் தம்பி. பழசு என்பதற்காக எல்லாவற்றையும் கும்பிட மாட்டேன். திருப்புகழிலேயே எத்தனையோ பாடல்களில் முதல் பாதி முழுக்கப் பெண்ணின் உடம்பை வர்ணித்து, அவளை வலையாகவும் மாயமாகவும் ஆக்கி, அதிலிருந்து என்னைக் காப்பாற்று முருகா என்று திரும்பும். சந்தம் மயக்கும். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேச இடமே இல்லை. தாசியிடம் பொருளை இழந்தவன் மனைவியிடம் பாடினியைத் தூது அனுப்பும் விறலிவிடு தூதுகள் பலவற்றிலும் தாசி என்றால் காசு பிடுங்குகிறவள், அவ்வளவுதான். அவற்றையும் படியுங்கள், ஆனால் இந்தக் கேள்வியோடு படியுங்கள்.

அந்தத் தாசி வாய் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய அரசவையில் இருந்த முத்துபழனி தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' எழுதினார். கோபித்துக்கொண்ட இராதையைக் கண்ணன் சமாதானப்படுத்தும் காவியம், ஆசையைச் சொல்வதில் இராதைக்குத் தயக்கமே இல்லை. பிற்காலத்துப் பதிப்பு ஒன்று சில பாடல்களை விட்டுவிட்டு வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள், திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டியவர், மூலச்சுவடியைத் தேடி எடுத்து 1910இல் முழுதாகப் பதிப்பித்தார். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று பெரிய சீர்திருத்தக்காரர் ஒருவர் கண்டித்திருந்தார். வெட்கம் பெண்களுக்கு மட்டும்தானா, ஆண்களுக்கு இல்லையா என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911இல் ஆங்கில அரசு ஆபாசம் என்று புத்தகத்தைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. உங்கள் கூட்டத்தில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் இருப்பார்கள், சேலத்தில் இல்லாமலா. அவர்களில் ஒருவர் அதைத் தெலுங்கிலேயே வாசித்துப் பொருள் சொன்னால் நானும் கேட்க வருவேன்.

கூட்டத்தில் படிப்பது தப்பா என்றால், தனியாகப் படிப்பதைவிட அதுதான் நல்லது என்பேன். தனியாகப் படித்தால் கூச்சம் கூச்சமாகவே தங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றிப் பேச இன்று இரண்டே வழி இருக்கிறது, ஒன்று டாக்டரின் ஆங்கிலம், மற்றது தெருச் சண்டையின் கெட்ட வார்த்தை. நடுவில் இருந்த தமிழை நாம்தான் 'இடை' என்று எழுதி மறைத்தோம். அதனால் 27ஆம் பாட்டுக்குத் திரும்பிப் போங்கள். அந்தப் பெண்ணையே வாசிக்கச் சொல்லுங்கள். அகராதியையும் அவளே எடுத்துவரட்டும். கூச்சப்படுகிறவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

அப்புறம், அந்தப் பெரியவர். அவரை விட்டுவிடாதீர்கள். தினமும் பிரபந்தம் சேவிக்கிறவர் என்றால் 'கருப்பூரம் நாறுமோ' பத்துப் பாசுரமும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும். வீட்டுக்குப் போய், வருகிற ஞாயிற்றுக்கிழமை அதைச் சேவித்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். பொருள் சொல்லவும் அவரையே அழையுங்கள். நான் ஐந்து மணி பஸ்ஸில் வந்துவிடுகிறேன், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா