கர்சரை நகர்த்துவது எந்தக் கருவி என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்

லினக்ஸ் மடிக்கணினியில் கர்சர் சில நேரம் கை படாமலேயே நகர்கிறது, சில நேரம் திரையின் மூலைக்குத் தாவுகிறது, மவுஸை மாற்றியும் இயங்குதளத்தை மறுபடி நிறுவியும் தீரவில்லை, எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே தொல்லையில் நான் மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். அந்த மூன்று வாரமும் நான் மாற்றிக்கொண்டிருந்தவை எல்லாம் அமைப்புகள். பார்க்க வேண்டியதோ வேறொன்று. அதனால் எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

திரையில் தெரியும் கர்சர் ஒன்றுதான் என்றாலும் அதை நகர்த்தக்கூடிய கருவிகள் பல. டச்பேட், சில மடிக்கணினிகளின் கீபோர்டு நடுவே இருக்கும் சிறிய டிராக்பாயின்ட், தொடுதிரை, வெளியிலிருந்து செருகிய மவுஸ், படம் வரையும் டேப்லெட் என்று ஒவ்வொன்றையும் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் தனித்தனிக் கருவியாகப் பதிவுசெய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஈவென்ட் எண் கொடுக்கிறது. லிப்இன்புட் என்ற நூலகம் இவை எல்லாவற்றையும் படித்து டெஸ்க்டாப்பிடம் ஒப்படைக்க, டெஸ்க்டாப் அத்தனை அசைவுகளையும் ஒரே கர்சரின் மேல் ஏற்றிவிடுகிறது. ஆகவே கர்சர் துள்ளினால் மவுஸ்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட முடியாது. நீங்கள் மவுஸை மாற்றியும் பலன் இல்லாமல் போனதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

சோதனை இதுதான். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து, சூடோ (நிர்வாகி) அனுமதியுடன் ‘லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ்’ (sudo libinput debug-events) என்ற கட்டளையை இயக்குங்கள். கட்டளை இல்லை என்று வந்தால், டெபியனிலும் உபுண்டுவிலும் ‘லிப்இன்புட்-டூல்ஸ்’ (libinput-tools) என்ற தொகுப்பையும், ஃபெடோராவில் ‘லிப்இன்புட்-யூட்டில்ஸ்’ (libinput-utils) என்ற தொகுப்பையும் நிறுவிக்கொள்ளுங்கள். கட்டளை தொடங்கியதும் முதலில் கருவிகளின் பட்டியல் வரும். எந்த எண் எந்தக் கருவிக்கு உரியது என்பதை அதிலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எதையும் தொடாமல், கையை மேசையிலிருந்தே எடுத்துவிட்டு, கர்சர் தானாக அசையும் வரை காத்திருங்கள். அசையும் கணத்தில் ‘பாயின்டர் மோஷன்’ என்ற வரிகள் சரசரவென்று இறங்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஈவென்ட் எண் இருக்கும், வரியின் இறுதியில் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் எவ்வளவு நகர்ந்தது என்ற அளவு இருக்கும். நான் பார்த்த நாளில் என் மவுஸின் எண் 12, டச்பேடின் எண் 7. வரிகள் அத்தனையும் 7-இலிருந்தே வந்தன. மூன்று வாரமாக நான் மவுஸின் வேகத்தைத்தான் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்இன்புட் என்ற பழைய கட்டளையைப் பலர் பரிந்துரைப்பார்கள். திரையில் சாளரங்களைக் காட்டும் அமைப்புகளில் எக்ஸ் பழையது, வேலாண்டு புதியது; அந்தக் கட்டளை எக்ஸ் அமர்வில்தான் முழுமையாகப் பயன்படும். இன்றைய டெஸ்க்டாப்கள் பலவும் வேலாண்டுக்கு மாறிவிட்ட நிலையில் அது உங்களைக் குழப்பக்கூடும். மேலே சொன்ன கட்டளை இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். தவிர, அது டெஸ்க்டாப்பின் அமைப்புகளைப் பொருட்படுத்தாமல் கருவிகளை நேரடியாகப் படிப்பதால், பிழை கீழ்த்தளத்தில் இருக்கிறதா மேல்தளத்தில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். கர்சர் திரையில் நகர்கிறது, டெர்மினலில் ஒரு வரிகூட வரவில்லை என்றால், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஏதேனும் ஓடுகிறதா என்று டெஸ்க்டாப்பின் பக்கம் தேடுங்கள்.

சந்தேகத்துக்குரிய எண் கிடைத்ததும் அந்தக் கருவியை மட்டும் தற்காலிகமாக அணைத்துப் பாருங்கள். 2021-இல் வெளிவந்த 5.11 கெர்னலிலிருந்து இதற்கு ஒரு நேர்த்தியான வழி இருக்கிறது: கருவிகளின் நிலையைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் சிஸ் (/sys) கோப்பகத்தில் ஒவ்வொரு உள்ளீட்டுக் கருவிக்கும் ‘இன்ஹிபிட்டட்’ (inhibited) என்ற கோப்பு உண்டு, அதில் 1 என்று எழுதினால் அந்தக் கருவியிலிருந்து அசைவு எதுவும் மேலே வராது, 0 என்று எழுதினால் பழையபடி வரும். அணைத்த பின் அரை நாள் வேலை செய்தும் கர்சர் அமைதியாக இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

டச்பேடுதான் காரணம் என்று தெரிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது சார்ஜர். டச்பேட் விரலின் மின்தேக்கத் திறனை உணர்ந்து வேலை செய்வது. எர்த் இணைப்புச் சரியில்லாத சார்ஜர் வழியாக வரும் மின் இரைச்சலை அது விரல் என்று தவறாக எடுத்துக்கொள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டும்போது துள்ளல் நின்றுவிட்டால் வேறு சார்ஜரையும் வேறு மின்முனையையும் முயன்று பாருங்கள். ஈரக் கையும் வியர்வையும்கூட இதே விளைவைத் தரும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டுச் சோதிப்பது நல்லது.

என் கணினியில் சார்ஜரைக் கழற்றியும் துள்ளல் நிற்கவில்லை. ஒரு நாள் மாலையில் விளக்கொளி பக்கவாட்டில் விழுந்தபோதுதான் டச்பேடின் ஒரு விளிம்பு மயிரிழை அளவு மேலே எழும்பியிருந்ததைக் கண்டேன். ஸ்கேலை அதன் மேல் குறுக்காக வைத்தால் இருபுறமும் படியாமல் ஆடியது; அழுத்தினால் வரும் கிளிக் ஓசையும் சில மாதங்களாகவே மந்தமாகியிருந்தது இப்போதுதான் உறைத்தது. அடியில் இருந்த லித்தியம் அயன் பேட்டரி உப்பி, டச்பேடைக் கீழிருந்து தள்ளிக்கொண்டிருந்தது. இதை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கர்சர் துள்ளுவது வெறும் தொல்லை. உப்பிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடிய அபாயம். அப்படி ஏதும் தெரிந்தால் கணினியை உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை அழுத்தாமலும் குத்தாமலும் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். லினக்ஸில் எந்த அமைப்பை மாற்றியும் இதைச் சரிசெய்ய முடியாது.

டிராக்பாயின்ட் உள்ள கணினியாக இருந்தால், கர்சர் ஒரே திசையில் மெதுவாக நழுவிச் சில விநாடிகளில் தானாக நிற்பது அதன் இயல்பு. விரலை எடுத்துவிட்டால் அது தன் நடுநிலையை மறுபடி கணித்துக்கொள்ளும்.

வரிகள் மவுஸின் எண்ணிலிருந்தே வந்தால், அதைக் கவிழ்த்து லென்ஸில் முடியோ தூசியோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேசையில் வைத்திருந்தால் ஒரு தாளை விரித்துச் சோதியுங்கள். கம்பியில்லா மவுஸ் என்றால் பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள். இவை எல்லாரும் சொல்வது. அதிகம் பேர் கவனிக்காதது, யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளிலிருந்தும் கேபிள்களிலிருந்தும் கசியும் ரேடியோ இரைச்சல். விநாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும் அந்தத் தரவு, கம்பியில்லா மவுஸ்கள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் இரைச்சலைக் கிளப்புகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை ஓர் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. வெளி ஹார்ட் டிஸ்க்கில் பெரிய கோப்பை நகலெடுக்கும்போது மட்டும் கர்சர் விக்கினால் இதுதான் காரணம். கணினியில் செருகும் மவுஸின் சிறு ரிசீவரை, அதாவது டாங்கிளை, ஒரு நீட்டிப்புக் கேபிளில் செருகி, டிஸ்க்கிலிருந்து தள்ளி, மவுஸுக்கு அருகில் வைத்தால் தீர்ந்துவிடும்.

கர்சர் துள்ளாமல், சிறிது நேரம் சும்மா விட்டுவிட்டு மவுஸைத் தொடும்போது மட்டும் முதல் அசைவை விழுங்கிவிடுகிறது என்றால் அது வேறு நோய். யூஎஸ்பி கருவிகளைத் தூங்கவைக்கும் மின் சேமிப்பு வசதிதான் அங்கே குற்றவாளி. அதன் இயல்பான காத்திருப்பு நேரம் 2 விநாடி. மவுஸ்களுக்குக் கெர்னல் இதைத் தானாக இயக்குவதில்லை என்றாலும், மின் செலவைக் குறைக்க உதவும் பவர்டாப் என்ற மென்பொருளின் தானியங்கிச் சரிசெய்தலை ஓட்டியிருந்தால் மவுஸுக்கும் அது இயங்கிவிடும். சிஸ் கோப்பகத்தில் மவுஸுக்குரிய ‘பவர்’ (power) அடைவில் இருக்கும் ‘கன்ட்ரோல்’ (control) கோப்பில் ‘ஆட்டோ’ (auto) என்று இருப்பதை ‘ஆன்’ (on) என்று மாற்றி உடனே சோதித்துவிடலாம். பலித்தால், கருவி இணையும் ஒவ்வொரு முறையும் அதே மாற்றம் தானாக நடக்கும்படி ஒரு யூடெவ் (udev) விதியாக எழுதி நிலையாக்குங்கள்.

இன்னொரு டெர்மினலில் கெர்னலின் செய்திகளைக் காட்டும் ‘டீமெசெஜ்’ (dmesg) கட்டளையைத் தொடர்ந்து ஓடும் நிலையில் திறந்து வைப்பது பயன்தரும். கர்சர் நிற்கும் கணத்தில் யூஎஸ்பி இணைப்பு அறுந்து மறுபடி சேர்ந்ததாக வரிகள் வந்தால், கேபிளோ ஹப்போ பழுது. பழைய வகை டச்பேடுகளில் ‘பிஎஸ்மவுஸ்’ (psmouse) என்ற பெயருடன் ஒத்திசைவு இழந்ததாக வரிகள் வருவதுண்டு. அந்தக் கெர்னல் தொகுதியை நீக்கி மறுபடி ஏற்றினால் அப்போதைக்குச் சரியாகும்.

இவற்றில் எதுவும் பொருந்தவில்லை என்றால், ‘லிப்இன்புட் ரெக்கார்டு’ (libinput record) கட்டளையால் அந்த ஒரு கருவியின் அசைவுகளைக் கோப்பில் பதிவுசெய்து, கெர்னல் பதிப்பெண்ணுடன் சேர்த்து லிப்இன்புட் திட்டத்தில் பிழை அறிக்கையாகப் பதியுங்கள். அந்தக் கோப்பைத் தங்கள் கணினியில் மறுபடி ஓட்டி, உங்கள் கருவி செய்ததை அப்படியே பார்க்க அந்தத் திட்டத்தை உருவாக்குபவர்களால் முடியும். பதிவு நீளமாக இருக்க வேண்டியதில்லை. துள்ளல் நிகழ்ந்த சில விநாடிகள் அதில் அகப்பட்டதும் நிறுத்திவிடுங்கள்.