அந்தப் போட்டோவை எதற்கென்று சொல்லி வாங்கினீர்கள்?

கேள்வி: லண்டன் இல்ஃபோர்டில் குடும்பத்தோடு இருக்கிறேன். 1888-இல் வைட்சேப்பலில் ஐந்து பெண்களைக் கொன்ற ‘ஜாக் த ரிப்பர்’ யாரென்று ஆறு வருடமாகத் தேடுகிறேன். இதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஒரு கசாப்புக்காரர்மேல்தான் என் சந்தேகம். கொலை நடந்த தெருக்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு. 1889 தொடக்கத்தில் அவரை மனநோய் விடுதியில் சேர்த்துவிட்டார்கள், கொலைகளும் நின்றுபோயின. ‘அந்த வட்டாரத்துப் பழைய குடும்பங்களைப் பற்றி எழுதுகிறேன்’ என்றதும் அவருடைய கொள்ளுப்பேத்தி, 78 வயது, ஆசையாக ஒரு போட்டோ அனுப்பினார். மடியில் மகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கண்களைப் பார்த்தாலே தெரிகிறது! புத்தகம் எழுதி முடித்துவிட்டேன். இறந்தவர்மேல் எழுதினால் மானநஷ்ட வழக்கு வராதாம். ஆனால் என் மனைவி இதைப் பைத்தியக்காரத்தனம் என்கிறாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மனைவி விஷயம் அப்புறம். முதலில் அந்தப் போட்டோ.

நான்கு பக்கக் கடிதத்தில் அது ஒற்றை வரி. நீங்கள் போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். எனக்குத்தான் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 78 வயதுப் பெண்மணி ஒருவர், முன்பின் தெரியாத ஒருவர் தன் குடும்பத்தைப் பற்றி அக்கறையாகக் கேட்கிறாரே என்று பழைய பெட்டியைத் திறந்து, தேடி எடுத்து அனுப்பியிருக்கிறார். உங்கள் கதையில் அவருடைய கொள்ளுத்தாத்தா கொலைகாரர் என்று அவருக்குத் தெரியுமா? தெரியாது. ‘பழைய குடும்பங்கள்’ என்று சொல்லி வாங்கியிருக்கிறீர்கள். இதற்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. பத்திரிகையில் போட முடியாது.

மடியில் இருக்கும் அந்தக் குழந்தை யார் என்று கணக்குப் போட்டீர்களா? அந்த அம்மாளின் பாட்டி. ஒருவேளை அவரை வளர்த்தவளே அவளாக இருக்கலாம். நீங்கள் கண்களை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் போட்டோ எடுக்கும்போது அசையாமல் உட்கார வேண்டும் என்று அதட்டுவார்கள். என் தாத்தா கல்யாணப் போட்டோவில் யாரையோ வெட்டப்போகிறவர் போலத்தான் இருக்கிறார். கோழி அறுக்கக்கூட வராது அவருக்கு.

சரி, சாட்சிக்கு வருவோம். 1888 அக்டோபரில் தலைமை இன்ஸ்பெக்டர் ஸ்வான்சன் எழுதிய அறிக்கையைப் படித்திருப்பீர்கள். 76 கசாப்புக்காரர்களையும் விலங்கறுப்பவர்களையும் போய்ப் பார்த்து, அங்கே வேலை செய்தவர்களின் நடத்தையை விசாரித்ததாக அதிலேயே இருக்கிறது. உங்கள் ஆளின் தொழில் அன்றைக்கே போலீஸுக்குத் தோன்றிய யோசனைதான். அடுத்தது, மனநோய் விடுதி. அன்றைய சேர்க்கைத் தாளில் ‘பிறருக்கு ஆபத்தானவரா’ என்று தனியாகவே ஒரு கேள்வி உண்டு. ஆறு வருடம் தேடிய நீங்கள் அதைப் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? ‘ஆம்’ என்று இருந்திருந்தால் உங்கள் கடிதத்தின் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும். கடிதம் முழுக்கத் தேடினேன், காணோம்.

பெரிய அதிகாரிகளே இதில் சறுக்கியவர்கள்தான். 1894-இல் லண்டன் போலீஸ் உயரதிகாரி மெக்னாட்டன், சந்தேகத்துக்குரியவர்கள் என்று மூன்று பேரைக் குறித்து வைத்தார். அவர் போலீஸில் சேர்ந்ததே கொலைகளுக்கு அடுத்த வருடம். அவர்களில் ட்ரூயிட் என்பவரை 41 வயது டாக்டர் என்று எழுதினார். அந்த மனிதர் 31 வயது வக்கீல், பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தவர். ஆஸ்ட்ராக் என்று இன்னொருவர். அந்தச் சமயத்தில் அவர் பிரான்ஸில் சிறையில் இருந்தார் என்பது நூறு வருடம் கழித்துத்தான் தெரியவந்தது. அதுவரை கொலைகாரர் பட்டியலில் ஒரு பெயர். ட்ரூயிட்டின் சொந்தக் குடும்பமே அவரைச் சந்தேகித்தது என்று வேறு மெக்னாட்டன் எழுதிவைத்தார், ‘தனிப்பட்ட தகவல்’ என்று சொல்லி. அந்த ஒரு வரியை அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்றுவரை சுமக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தில் செத்துப்போன ஐந்து பெண்களில் ஒருத்தி பெயரும் இல்லை. ஒருத்தியைப் பற்றி நான் சொல்கிறேன். கேத்தரின் எட்டோஸ் கடைசி நாள் மதியம், பெர்மண்ட்ஸியில் இருக்கும் மகளைப் பார்த்துக் கொஞ்சம் பணம் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். மகள் அங்கே இல்லை. அம்மா காசு கேட்டு வந்துகொண்டே இருப்பாள் என்று விலாசம் சொல்லாமல் வீடு மாறியிருந்தாள். அம்மா இறந்த பிறகு விசாரணை மன்றத்தில் ஊரார் முன்னால் நின்று அதை அந்தப் பெண் சொல்ல வேண்டியிருந்தது. பத்திரிகைகளும் போட்டன. கொலைகாரன் அகப்படவே இல்லை, மகள் அகப்பட்டுக்கொண்டாள். இந்த வழக்கில் ஏற்கெனவே போதுமான குடும்பங்கள் சந்தியில் நின்றாகிவிட்டது. நீங்கள் இன்னொன்றைப் பிடித்து இழுக்கிறீர்கள்.

வழக்கு வராதுதான். சட்டம் விட்டுவிடுகிறது என்பதற்காக ஒரு வயதான பெண்மணியை அண்டை அயலார் முன்னால் தலைகுனிய வைக்கலாமா? நாளைக்கு உங்கள் தாத்தாவின் படத்தை ஒருவர் நயமாகப் பேசி வாங்கிப்போய் அட்டையில் போட்டால் உங்கள் அம்மா என்ன பாடுபடுவார்? ஆராய்ச்சி செய்யாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த மனிதர் எப்படிப் பிழைத்தார், ஏன் மனம் கலங்கினார், மனைவி எப்படிக் குழந்தையை வளர்த்தாள் என்று எழுதுங்களேன். நீங்கள் அந்த அம்மாளிடம் சொன்ன பொய் அப்போது உண்மையாகிவிடும்.

உங்கள் மனைவிக்குப் புரியாதது ஒன்றுமில்லை. அந்தப் போட்டோ எப்படி வந்தது என்று அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். இன்று ராத்திரி சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த அம்மாளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எதற்காகக் கேட்டேன் என்பதை முதல் பத்தியிலேயே எழுதுங்கள், சுற்றி வளைக்காமல். படத்தையும் வைத்து அனுப்புங்கள், பதிவுத் தபாலில். மடங்கிவிடாமல் இரண்டு பக்கமும் அட்டை வையுங்கள்.