மூணு பேட்டரி டார்ச்சுக்கு எந்த சார்ஜர்?

கேள்வி: மழை வந்தால் எங்கள் தெருவில் கரண்ட் போய்விடும். மூன்று பென்சில் பேட்டரி போடுகிற டார்ச்சுக்கு ரீசார்ஜ் பேட்டரி வாங்கப் போகிறேன். எந்த சார்ஜர் நல்லது சார்?
– வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: மூன்று என்றீர்களே அம்மா, அதிலேயே பாதி விடை இருக்கிறது. மலிவான சார்ஜர்கள் பலவும் ஜோடி ஜோடியாகத்தான் ஏற்றும்; உங்கள் மூன்றாவதுக்கு ஜோடி இருக்காது. ஜோடியில் ஒன்று காலி, இன்னொன்று பாதி என்றால், பாதி இருந்தது நிறைந்த பிறகும் அதற்குள் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். சூடேறி ஆயுசு குறையும். பழைய வண்ணாரப்பேட்டையில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தபோது, இப்படி ராத்திரி முழுக்க மாட்டிவைத்து வீணான பேட்டரிகளைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்துகிற சார்ஜராகக் கேட்டு வாங்குங்கள். குழிக்கு ஒரு விளக்கு இருந்தால் அநேகமாக அந்த ரகம்தான்.

சார்ஜரின் பின்பக்க எழுத்தையும் படியுங்கள். எம்.ஏ.எச். என்பது பேட்டரி எவ்வளவு பிடிக்கும் என்கிற அளவு. 2000 எம்.ஏ.எச். பேட்டரிக்கு சார்ஜர் 500 மில்லி ஆம்பியர் கரண்ட் கொடுத்தால் சுமார் 5 மணி நேரம், 200 என்றால் 12 மணி நேரம் ஆகும்.

பேட்டரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (Ni-MH என்று போட்டிருக்கும்), அதிலும் சும்மா கிடந்தால் சீக்கிரம் இறங்காத ரகமாக வாங்குங்கள். ஐப்பசியில் ஏற்றி வைத்தது கார்த்திகை மழைக்கும் எரியும். பென்சில் சைஸில் 4800 எம்.ஏ.எச். என்று அச்சடித்திருந்தால் தொடாதீர்கள். அந்த உடம்புக்குள் 3000கூட அடங்காது. கடிகாரத்துக்குப் போடும் சாதாரண பேட்டரியை இந்த சார்ஜரில் ஏற்றவே கூடாது. ரசாயனம் கசியும், வெடிக்கவும் வெடிக்கும்.