லடாக்குக்கு எந்த கேமரா?

கேள்வி: ஐந்து வருடப் பழைய ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமராவும் அதோடு வந்த 18–55 மி.மீ. லென்ஸும் வைத்திருக்கிறேன். செப்டம்பரில் குடும்பத்தோடு லடாக் போகிறோம். தவணையில் ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வாங்கிவிடலாமா? டிரைபாட், ஃபில்டர் எல்லாம் வேண்டுமா?
– மதுரை வாசகர்

பதில்: கேமராவை மாற்றாதீர்கள். லடாக்கின் பகல் வெளிச்சத்துக்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, 200 போதும். அங்கே உங்கள் கேமராவுக்கும் ஃபுல் ஃபிரேமுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. தெரிவது இருட்டில். அதற்குத் தவணை கட்ட வேண்டியதில்லை, ஒரு 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். திக்சே, ஹெமிஸ் மடாலயங்களின் உள்ளறைகள் மங்கலானவை. பழைய சுவரோவியங்கள் முன் ஃபிளாஷ் போடவே கூடாது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது; எஃப்/5.6-ஐவிட எஃப்/1.8 கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். படம் எடுக்கலாமா என்று அங்குள்ள துறவியிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, தூரத்தை அருகே காட்டும் ஒரு 55–250 மி.மீ. லென்ஸ். குன்றின் உச்சியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மடாலயத்தையும், தூரத்தில் மேயும் கியாங் காட்டுக் கழுதையையும் 18–55-இல் எடுத்தால் புள்ளியாகத்தான் விழும். இந்த வகை லென்ஸ்களில் அரைக் கிலோவுக்கும் குறைவானவை உண்டு, அதைப் பார்த்து வாங்குங்கள். எடையை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். முதல் முறை ஆறு கிலோ பையோடு திக்சே படியேறிய நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பையிலிருந்த பெரிய லென்ஸ் அன்று வெளியே வரவே இல்லை.

வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் போலரைசர் ஃபில்டர் வேண்டாம். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். 18 மி.மீ. அகலக் கோணத்தில் போலரைசர் மாட்டினால் ஒரு பக்கம் மட்டும் கறுத்துத் திட்டாகும்.

குறைந்தது மூன்று பேட்டரி வேண்டும். குளிரில் சார்ஜ் சீக்கிரம் இறங்கும், அதனால் உபரி பேட்டரிகளை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். விமானத்தில் அவை கைப்பையில்தான் வர வேண்டும். குளிரிலிருந்து சூடான அறைக்குள் நுழையும் முன் கேமராவை ஜிப் உள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடுங்கள், அரை மணி நேரமாவது திறக்காதீர்கள். திறந்தால் லென்ஸுக்குள் பனி கோத்துக்கொள்ளும். ஹுண்டர் மணல்மேட்டில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

டிரைபாட், பாங்காங் ஏரிக்கரையிலோ ஹன்லே கிராமத்திலோ அமாவாசையை ஒட்டித் தங்குவீர்கள் என்றால் மட்டும். செப்டம்பரில் இருட்டியதுமே பால்வெளி தென்மேற்கில் நிற்கும். 18 மி.மீ., எஃப்/3.5, ஐஎஸ்ஓ 3200, 15 விநாடி என்று தொடங்குங்கள். ஆட்டோஃபோகஸ் நட்சத்திரத்தைப் பிடிக்காது. லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். கிளம்பும் முன் மொட்டை மாடியில் விளக்கை அணைத்துவிட்டு, கையுறை போட்டபடி நாலைந்து இரவு இதைப் பழகிக்கொள்ளுங்கள்.